விரிப்பை விலக்கிப் பாருங்கள்!



மூன்று வாரங்களாக இங்கே எதுவும் எழுதவில்லை. பள்ளி வேலை மிகுதி என்று சிலரிடம் கூறினேன். அது முழு உண்மையன்று. எழுதினால் நான் மதிக்கும் சிலர் மனம் வருந்துவர் என்பதால் தயங்கினேன். இனியும் தயங்கினால் தீபாவளி வந்துவிடும், விரிப்பும் விரிக்கப்பட்டுவிடும். ஆகவே எழுதுகிறேன்.

செய்தி இதுதான். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இவ்வாண்டு தீபாவளியை முன்னிட்டு ஒரு நற்பணியைத் திட்டமிட்டுள்ளது. வசதி குறைந்த ஐந்து மாணவர்களின் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் 2,000 வெள்ளி செலவில் 'புதுப்பொலிவு' தருவதாம். சுவருக்குச் சாயம், சன்னலுக்குத் திரைச்சீலை, தரைக்கு வினைல் விரிப்பு. நிறைவு நாளில் அனைவரும் ஒரே நிறச் சட்டையில் நின்று நிழற்படம்.

நோக்கத்தில் குறை காண்பவன் அல்லன் நான். நன்கொடைக்காக அலைந்தவர்களின் கால் வலி எனக்குத் தெரியும். ஆனால், அந்த விரிப்பை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னேன். "நல்லது நடக்கும்போது ஏன் சார் அபசகுனமாப் பேசுறீங்க?" என்று கேட்டார் ஒருவர். பலர் சிரித்தார்கள். நானும் அமர்ந்துவிட்டேன். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே சொல்கிறேன்.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து வீடுகளில் நான்கு, தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட பழைய பலகை வீடுகள். இரண்டுக்கு வகுப்பாசிரியையுடன் சென்றுவந்தேன். இரண்டாவது வீட்டில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் பாட்டியோடும் தாயோடும் இரண்டு தம்பி தங்கையரோடும் வாழ்கிறான். வாசற்படி ஏறி உள்ளே கால் வைத்தவுடனே தரை ஒரு கிண்ணம்போல் நடுவில் இறங்கியிருப்பது தெரிந்தது. சுவரோரம் நின்ற அலமாரி முன்பக்கம் சாய்ந்திருந்தது. அடுக்களைக்குப் போகும் வழியில் ஒரு நெகிழி நாற்காலி. அதை நகர்த்தி அமரப் போனேன். "ஐயோ, அத எடுக்காதீங்க சார், அந்த எடம் அமுங்கும்" என்று பதறினார் பையனின் தாயார். நாற்காலி அங்கே அமர்வதற்காக வைக்கப்படவில்லை. மிதிக்கக்கூடாத இடத்துக்கு அதுவே அடையாளம்!

பிறகு கவனித்தேன். அந்த மூன்று பிள்ளைகளும் ஓடும்போதுகூட ஒரு குறிப்பிட்ட பலகையைத் தாண்டியே ஓடுகிறார்கள். பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடக்கிறார். வாய்ப்பாடு மனப்பாடம் ஆகாத அந்தப் பையனுக்கு எந்தப் பலகையை மிதிக்கலாம், எதை மிதிக்கக்கூடாது என்பது மனப்பாடம்.

இப்போது நம் நற்பணிக் குழு அங்கே செல்லும். நிழற்படத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் நாற்காலியை அகற்றும். தரை முழுவதும் பளிங்குக்கல் போலத் தோன்றும் விரிப்பை ஒரே சீராக விரிக்கும். எந்தப் பலகை எது என்று இனி அந்தப் பாட்டிக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. அவர்களிடம் இருந்த ஒரே பாதுகாப்பு, கண்ணால் பார்த்துக் காலால் அறிந்த அந்தப் பழக்கம்தான். அதையும் 2,000 வெள்ளி செலவழித்து நாம் மூடிவிடப் போகிறோம். இதை நற்பணி என்று எப்படி அழைப்பது?

இவ்வளவு கடுமையாக எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி இருக்கிறது. அதே தவற்றை என் தாயாருக்கு நானே செய்தவன்.

எங்கள் வீடு பேராக் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் ஓரத்தில் உள்ளது. தோட்டத்தை விட்டு வெளியேறிய என் தாத்தா 1962இல் கட்டியது. எங்கோ இடித்த ஒரு பழைய கட்டடத்தின் மரங்களை மலிவாக வாங்கிவந்து எழுப்பினாராம். தூண்கள் செங்கால் மரம். (செங்கல் அன்று, செங்கால்! மாணவர்கள் கட்டுரையில் இரண்டையும் மாற்றி எழுதுவார்கள்.) இந்த நாட்டு மரங்களில் மிக உறுதியானவற்றுள் ஒன்று அது. ஆனால், தூணுக்கு மேலே அமைந்த சட்டங்கள் வேறு மரம். கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது.

2015 தீபாவளிக்கு முன்பு, அடுக்களையை ஒட்டிய தரை சற்று அமுங்குவதாக அம்மா சொன்னார். நான் என்ன செய்தேன்? பட்டணத்துக்குச் சென்று ஒட்டுப்பலகை இரண்டு வாங்கினேன். அமுங்கிய இடத்தின்மேல் வைத்து ஆணி அடித்தேன். அதன்மேல் நீல நிற வினைல் விரிப்பு. அரை நாளில் வேலை முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் வீடு புதிதாக இருக்கிறது என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறு ஆண்டு மார்ச் மாதம், பள்ளி விடுமுறைக்கு முதல் நாள். காலையில் சுடுநீர்க் கெண்டியோடு அடுக்களையிலிருந்து வந்த அம்மாவின் இடது கால், ஒட்டுப்பலகை முடியும் விளிம்பில் பலகையோடு சேர்ந்து முழங்கால்வரை கீழே இறங்கியது. உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தொடை எலும்பு முறிந்தது. கெண்டி மறுபக்கம் விழுந்ததால் சுடுநீர் மேலே கொட்டவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், இன்றுவரை நடைச்சட்டத்தின் துணையின்றி நடந்ததில்லை. அவர் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. "ஒனக்கு என்னாப்பா தெரியும், நீ வாத்தியாரு" என்றார். அதைவிடக் கடுமையான சொல்லை நான் கேட்டதில்லை.

அதன்பின்தான் வீட்டுக்கு அடியில் புகுந்தேன். சிறு வயதில் கோலிக்குண்டு தேடிப் புகுந்த இடம். இரண்டரை அடி உயரம்தான் இருக்கும். ஊரில் மலாய்த் தச்சர் ஒருவர் இருந்தார். பள்ளிவாசல் வேலைகள் செய்து ஓய்வு பெற்றவர். அவரே முன்னே தவழ்ந்து சென்றார். கையில் ஒரு கைவிளக்கு, ஒரு திருப்புளி. வேறு கருவி எதுவும் இல்லை.

உயர்த்திக் கட்டிய பலகைத் தரை எப்படி நிற்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கீழே தூண். தூணுக்குத் தூண் ஓடுவது உத்தரம்; மலாய்த் தச்சர்கள் 'ராசுக்' என்பார்கள். உத்தரத்தின்மேல் குறுக்காக, ஓரிரு அடி இடைவெளியில் அடுக்கப்படுவன சட்டங்கள்; அவர்கள் சொல்லில் 'கெலெகார்'. அந்தச் சட்டங்களின்மேல்தான் நாம் மிதிக்கும் பலகை. நம் கண்ணுக்குத் தெரிவது நான்கில் ஒன்றே. தரை தொய்கிறது என்றால் பெரும்பாலும் பலகைமேல் குற்றமில்லை. அதற்குக் கீழே உள்ள மூன்றில் ஏதோ ஒன்று தோற்றுவிட்டது. சட்டம் இற்றிருக்கலாம், உத்தரம் வளைந்திருக்கலாம், தூண் மண்ணில் இறங்கியிருக்கலாம். எது என்று மேலே நின்றுகொண்டு எவராலும் சொல்ல முடியாது. மேலே நின்றே சொல்பவர் விற்பனையாளர்.

தச்சர் ஒவ்வொரு சட்டத்தையும் திருப்புளியால் குத்திக்கொண்டே சென்றார். நல்ல மரத்தில் 'டக்' என்று ஒலி வந்தது, முனை இறங்கவில்லை. அடுக்களைக்கு அருகில் வந்ததும் ஒலியே இல்லை. திருப்புளி கைப்பிடிவரை உள்ளே சென்றது, கேக்கில் கத்தி இறங்குவதைப் போல. நான்கு சட்டங்களின் முனைகள் மக்கிப் போயிருந்தன. ஒரு தூணின் உட்பக்கம் விரலளவு தடிமனில் மண்கோடு ஒன்று மேலேறிச் சென்றது. கறையானின் பாதை. செங்காலை அது தொடவில்லை. அதை ஏணியாக்கிக்கொண்டு மேலிருந்த மெல்லிய மரத்துக்குச் சென்றிருக்கிறது.

"சிக்கு, மேலே பாருங்கள்" என்றார் தச்சர். பார்த்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் அங்கேதான் முடிந்தது. இணைப்பு விட்டுப்போய்ச் சொட்டுச் சொட்டாக உத்தரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குழாயை 2009இல் பொருத்தியவன் நான். வீட்டின் அடிப்பகுதி அழுக்காகத் தெரிகிறது என்று சுற்றிலும் தகரம் அடித்துக் காற்றை அடைத்தவனும் நான்தான். எல்லாவற்றுக்கும் மேலாக வினைல் விரிப்பு! ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும்வரை மரம் மக்காது. அதற்காகத்தான் நம் முன்னோரும் இந்நாட்டு மலாய்க்காரரும் வீட்டைத் தூக்கிக் கட்டினார்கள். கீழே காற்று ஓட வேண்டும், வெள்ளம் வந்தால் கடந்து போக வேண்டும். லிம் ஜீ யுவான் 1987இல் மலாய் வீடுகளைப் பற்றி எழுதிய நூலைப் புரட்டினால் இதன் அருமை புரியும். அந்தக் காற்றைக் கீழே தகரத்தால் அடைத்து, மேலே நெகிழித்தாளால் மூடி, நடுவில் தண்ணீரும் ஊற்றினால் மரம் என்ன செய்யும்? தரையைத் துடைக்கும் நீர்கூட விரிப்பின் இணைப்புகள் வழியே இறங்கி, மேலே காய வழியில்லாமல் பலகைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆக, விரிப்பு குறையை மறைத்ததோடு நிற்கவில்லை. குறையை வளர்த்தது. கூட்டத்தில் நான் சொல்ல வந்தது இதைத்தான். சிரிப்பொலியில் கேட்கவில்லை.

சீரமைப்பு மூன்று வாரம் நீடித்தது. முதல் வேலை மரவேலையே அன்று. குழாயை மாற்றினோம், தகரங்களைப் பிடுங்கினோம், கூரையிலிருந்து வடியும் மழைநீர் வீட்டடியில் தேங்காதபடி கால்வாய் வெட்டினோம். நீர் வரும் வழியை அடைக்காமல் புது மரம் போடுவது கறையானுக்கு விருந்து வைப்பதுதான் என்றார் தச்சர். கறையானுக்கு மருந்திடும் வேலையை அதற்கென்று உரிமம் பெற்றவர்கள் வந்து செய்தார்கள்.

அதன்பின் தூக்குதல். தொய்ந்த உத்தரத்தின் கீழே லாரிக்குப் போடும் ஜாக்கி இரண்டு. ஜாக்கியை மண்மேல் வைத்தால் வீடு ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்; ஆகவே கீழே தடித்த பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். நான் ஒரே நாளில் தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டருக்குமேல் தூக்க மறுத்துவிட்டார். பல ஆண்டுகளாக மெல்ல இறங்கிய வீட்டை ஒரே மூச்சில் தூக்கினால் கதவு இறுகும், சுவர்ப்பலகை பிளக்கும், கூரைத் தகரத்தின் ஆணித்துளை அகன்று ஒழுகும். தூக்கிய ஒவ்வொரு முறையும் பக்கத்தில் கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவன் தன் பிள்ளைகளை நினைக்காதவன் என்று என்னைத் திட்டியது நினைவிருக்கிறது.

இற்ற சட்டங்களின் மக்கிய பகுதியை வெட்டி எறிந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மருந்தேற்றிய புதுச் சட்டம் ஒன்றை முழு நீளத்துக்கும் ஒட்டி வைத்துப் போல்ட் போட்டு இறுக்கினார். ஆணி போதாதா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார். நடுவே தாங்கல் இல்லாமல் பத்தடி ஓடிய உத்தரத்துக்கு, மண்ணைத் தோண்டிக் காங்கிரீட் தளம் இட்டு ஒரு புதிய குட்டைத் தூண். தூணின் தலையில் ஒரு தகரத் தொப்பி. கறையானை அது தடுத்துவிடாது. ஆனால், அதைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக மண்கோடு கட்டினால்தான் மேலே போக முடியும். அப்போது நம் கண்ணில் பட்டுவிடும். தரை முற்றிலும் மட்டமாகிவிடவில்லை. பல ஆண்டு வளைந்த மரம் பழைய நேர்க்கோட்டுக்குத் திரும்பாது. இன்றும் கோலிக்குண்டை வைத்தால் மெல்ல உருளும். ஆனால், யார் ஓடினாலும் அதிர்வதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்காக ஓர் இடைச்செருகல். அறிவியலிலும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலும் உறுதி, நிலைத்தன்மை என்று கற்பிக்கிறோமே, இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா? அடிக்கோலைப் படுக்கவைத்து நடுவில் அழுத்தச் சொல்லுங்கள், வளையும். அதையே நிமிர்த்தி விளிம்பின்மேல் நிறுத்தி அழுத்தினால் வளையாது. நான்கங்குலத்துக்கு இரண்டங்குலச் சட்டத்தைப் படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் அதன் விறைப்பு 4 மடங்கு. சட்டத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் 8 மடங்கு. நடுவே ஒரு தாங்கல் கொடுத்துத் தாங்கலற்ற நீளத்தைப் பாதியாக்கினால், பரவலான பளுவால் ஏற்படும் தொய்வு 16இல் ஒரு பங்கு. அதனால்தான் ஒரு குட்டைத் தூண் செய்யும் வேலையை நூறு ஒட்டுப்பலகை செய்யாது. என் ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஐந்தே நிமிடத்தில் இதைப் புரிந்துகொண்டார்கள். பெரியவர்களாகிய நமக்குத்தான் கூட்டம் போட்டாலும் புரிவதில்லை.

பலகைத் தரைமேல் சிமெண்டுக் கலவை ஊற்றும் அறிவாளிகளையும் கண்டிருக்கிறேன். பத்துக்குப் பத்தடி அறையில் இரண்டங்குலக் காங்கிரீட் போட்டால் அதன் எடை ஒரு டன்னுக்கும் மேல். தள்ளாடும் சட்டங்களின்மேல் ஒரு மைவி காரை ஏற்றி நிறுத்துவதும் அதுவும் ஒன்றே. வேறொரு கூட்டம் இருக்கிறது. காலையில் வந்து, ஒரே மணியில் தூக்கி, வெறும் மண்மேல் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, மாலையில் 800 வெள்ளி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மழைக்காலத்தில் கட்டை மண்ணுக்குள் இறங்கும். கறையானுக்கு இன்னொரு ஏணியும் கிடைக்கும்.

செலவைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். என் விரிப்பும் ஒட்டுப்பலகையும் சாயமும் சேர்ந்து ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தன. அடித்தளச் சீரமைப்புக்கு 3,400 வெள்ளி ஆனது. அம்மாவின் மருத்துவத்துக்கும் நான் எடுத்த சம்பளமில்லா விடுப்புக்கும் ஆனதை நான் கணக்கிடவில்லை.

இனிக் கூட்டத்தில் எழுந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

"அந்தப் பழைய வீடுகளை இடித்துக் கல்வீடு கட்டுவதே தீர்வு" என்றார் பொருளாளர். கட்டட்டும்; யார் தடுத்தார்கள்? ஆனால், அந்த நான்கு வீடுகளில் இரண்டு, தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற்ற நிலத்தில் இருக்கின்றன. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உரிமம். அதில் நிலையான கல்வீடு கட்ட அவர்களால் இயலாது. நாளைய கல்வீட்டைக் காட்டி இன்றைய பலகையைக் கைவிடுவதா? தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் 1966இல் வந்தது, பிறகு 1990இல் மற்றொன்று வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமே வீடமைத்துக்கொண்டவர்களின் தரைக்கு அச்சட்டங்களில் இடமேது? அவர்களுக்கு இருப்பது நாம்தான்.

"நன்கொடையாளர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே சார்" என்றார் மற்றொருவர். இதுதான் நேர்மையான மறுப்பு. அவரை நான் பாராட்டுகிறேன். ஆம், வீட்டடியில் வைத்த குட்டைத் தூணின் அருகே நின்று யாரும் சிரிக்க முடியாது. அங்கே நிமிர்ந்து நிற்கவே இடமில்லை. ஆனால், கொடுத்தவரின் கண்ணுக்காக வேலை செய்கிறோமா, அந்தப் பாட்டியின் காலுக்காக வேலை செய்கிறோமா? நன்கொடையாளர்கள் அறிவிலிகள் அல்லர். மக்கிய சட்டத்தின் ஒரு துண்டை அறுத்து மேசைமேல் வைத்து, திருப்புளியை அவர்கள் கையில் கொடுத்துக் குத்தச் சொல்லுங்கள். கூடுதலாகவே கொடுப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

"ஆசிரியர் பாடம் நடத்தினால் போதாதா, தச்சு வேலை எதற்கு?" இதைக் கேட்டவர் என் சக ஆசிரியர். பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது மாணவனின் வீட்டைச் சென்று பார்ப்பது ஆசிரியரின் கடமை என்று விரிவுரையாளர் ஒருவர் வலியுறுத்தினார். வீட்டுக்குச் சென்றால் எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. நாம் தொலைக்காட்சி இருக்கிறதா, படிக்க மேசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அந்த மேசை நிற்கும் தரையைப் பார்த்தோமா? அந்த மூன்றாம் ஆண்டு மாணவனின் கையெழுத்து ஏன் சாய்ந்து போகிறது என்று வகுப்பில் கடிந்துகொண்டவர்களுள் நானும் ஒருவன். மேசையே சாய்ந்திருக்கிறது. கையெழுத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே கடிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

பெற்றோர்களே, உங்கள் வீடும் பலகை வீடென்றால், அல்லது ஊரில் உங்கள் தாய் தந்தையர் அத்தகைய வீட்டில் தனியே இருந்தால், அடுத்த முறை செல்லும்போது கைவிளக்கோடு செல்லுங்கள். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தரையை ஒட்டி நூலை இழுத்துக் கட்டினால் எங்கே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். முதலில் அடுக்களைக்கும் குளியலறைக்கும் அடியில் பாருங்கள். நீர் அங்கேதான் இருக்கும். தூண்களில் மண்கோடு உண்டா, மரத்தில் வெண்பூஞ்சணம் உண்டா, மக்கிய வாடை வருகிறதா என்று பாருங்கள். தடித்த காலணி அணிந்து, முதலில் ஒரு கோலால் தட்டிவிட்டு நுழையுங்கள். பாம்பும் தேளும் அங்கே குடியிருக்கும். தொங்கும் மின்கம்பிகள் இருந்தால் மின்சாரத்தை அடைத்துவிட்டுச் செல்லுங்கள். பார்ப்பதற்குத்தான் உங்களை அழைக்கிறேன். தூக்குவதற்கு அன்று, அதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். எல்லாத் தொய்வும் ஆபத்தானதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்புளி இறங்காத உறுதியான மரத்தில், பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் அரையங்குல இறக்கத்துக்காக யாரும் தூக்கம் இழக்க வேண்டியதில்லை. இறக்கம் கூடிக்கொண்டே போனாலோ, மிதித்தால் மெத்தென்று அமுங்கினாலோ, அன்றே ஆளை அழையுங்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஐந்து வீடுகளுக்கு ஒதுக்கிய 10,000 வெள்ளியில் முதலில் நான்கு பலகை வீடுகளின் அடிப்பகுதியையும் தச்சர் ஒருவரை அழைத்துச் சென்று பார்ப்போம். மோசமான இரண்டை இவ்வாண்டே முழுமையாகச் சீரமைப்போம். மற்றவற்றுக்கு ஒழுகும் குழாயை மாற்றுவதும் அடைத்த தகரத்தை அகற்றுவதும் ஒரு நாள் கூட்டுப்பணியில் முடியும்; பெரிய செலவில்லை. ஐந்தாவது கல்வீடு, அதற்குச் சாயம் அடித்துக்கொள்ளட்டும். விரிப்பு வாங்கிவிட்டோமே என்கிறீர்களா? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று நானே சென்று கேட்டேன். சுருளைப் பிரிக்காதவரை எடுத்துக்கொள்வாராம்.

தலைவர் நேற்றிரவு தொலைபேசியில் அழைத்தார். முழுமையாக ஒப்பவில்லை. "மொத போய்ப் பாப்போம் சார், அப்புறம் பேசலாம்" என்றார். அதுவே போதும். லாரிப் பட்டறை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர் ஜாக்கியும் கட்டைகளும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் வீட்டைச் சீரமைத்த தச்சர் இப்போது தவழ முடியாத வயதில் இருக்கிறார். ஆனால், அவர் மகன் வருகிறார். தந்தையும் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து மேற்பார்வை பார்ப்பாராம்.

வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்கு அந்த மூன்றாம் ஆண்டு மாணவனின் வீட்டிலிருந்து தொடங்குகிறோம். வர விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பள்ளி வாயிலில் 7.30க்கு நின்றால் ஒன்றாகச் செல்லலாம். பழைய உடை, தடித்த காலணி, கைவிளக்கு. திருப்புளி என்னிடம் நான்கு இருக்கின்றன.